வீட்டைப் பார்க்க யாரை அழைப்பது?

சேலை வாங்கினால் விரித்துப் பார்க்கிறோம். பானை வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். வீடு வாங்கினால்?

ஒரு தடவை உள்ளே போய்ச் சுற்றி வருகிறோம். வாசல் எந்தத் திசை என்று கேட்கிறோம். சுவரில் புதுப் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. மனசு நிறைந்துவிடுகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

அந்தப் பணம் எப்படி வந்தது? மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூரில் வேலை செய்து, இருட்டிய பிறகு வீடு திரும்பிச் சம்பாதித்த பணம். மகளிர் சங்கத்தில் வாரா வாரம் கட்டிய பணம். கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றி வைத்த பணம். ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒரு தடவைதான் வீடு வாங்குகிறது. மறு தடவை வாங்கப் பணம் இருக்காது.

அதனால் வாங்கும் முன்பே வீட்டை ஒரு விவரம் தெரிந்தவருக்குக் காட்ட வேண்டும். அவர் யார்? அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்தப் பாடத்தில் அதைப் படிப்போம்.

நம் ஊர் மண்

எல்லா ஊரிலும் வீட்டைச் சோதித்து வாங்க வேண்டும். கோலார் தங்கவயலில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சோதிக்க வேண்டும். ஏன்?

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. அதிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும் வரை, 120 ஆண்டுகளுக்கு மேல் நம் காலுக்கு அடியில் தோண்டினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் மேல் பெரும் பாரம் அழுத்தும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். இதைத்தான் நம் பெரியவர்கள் ராக் பர்ஸ்ட் என்று சொன்னார்கள். அது நடந்தால் மேலே இருக்கும் வீடுகளும் அதிரும். பாத்திரங்கள் உருளும். சுவர்கள் விரியும். சுரங்கம் மூடிய பிறகு குழிகளில் தண்ணீர் ஏறியது. அதற்குப் பிறகும் இங்கே நில அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன.

ஆகவே ஒரு பழைய வீட்டின் சுவரில் விரிசல் இருந்தால், அது வெறும் பூச்சு விரிசலா, நிலம் அசைந்ததால் வந்த விரிசலா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நம் சயனைடு மேடுகள். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மாவு போன்ற மண் இங்கே 13 மேடுகளாகக் கிடக்கிறது. மொத்தம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். சுமார் 1,003 ஏக்கரில் உள்ள இந்த மேடுகளை மீண்டும் தோண்டித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேட்டுக்குப் பக்கத்தில் வீடு என்றால் காற்றுக் காலத்தில் தூசி வரும். மேட்டைத் தோண்டும் வேலை நடந்தால் லாரியும் புழுதியும் கூடும். அந்த மண் மிகவும் பொடி. கட்டட வேலைக்கு ஆற்று மணலைப் போல் அது உதவாது. அந்த மண்ணைக் கலந்து பூசியிருக்கிறார்களா என்பதையும் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அவர் யார் பக்கம்?

வீட்டைப் பார்க்க வருகிறவரிடம் இரண்டு குணம் வேண்டும். ஒன்று, வேலை தெரிய வேண்டும். இரண்டு, அவர் நம் பக்கம் நிற்க வேண்டும். முதல் குணத்தை எல்லாரும் பார்க்கிறோம். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

வீடு விற்றால் புரோக்கருக்குக் கமிஷன். விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. அந்தப் புரோக்கர் ஒரு மேஸ்திரியை அழைத்து வருகிறார். "நம்ம ஆளுதான், நல்லாப் பார்ப்பாரு" என்கிறார். அந்த மேஸ்திரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கும் அவருக்கு வேலை கொடுக்கப்போவது அந்தப் புரோக்கர். "இந்த வீடு வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு வாய் வருமா?

இன்னொரு பக்கமும் உண்டு. சிலர் வீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எல்லாம் போச்சு. நான் சரி செய்து தருகிறேன்" என்பார்கள். ரிப்பேர் வேலை அவருக்கே கிடைத்தால் லாபம். அதனால் சின்னக் குறையும் அவர் வாயில் பெரிதாகிவிடும்.

வீடு விற்றாலும் விற்காவிட்டாலும், ரிப்பேர் நடந்தாலும் நடக்காவிட்டாலும், கூலி மாறாத ஒருவரே நமக்கு வேண்டும். அந்தக் கூலியை நாமே கொடுக்க வேண்டும்.

சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேலை தொடங்கும் முன் தலைக்கு மேல் உள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று சத்தம் வந்தால் கெட்டி. டொக் என்று வந்தால் உள்ளே விட்டிருக்கிறது, விழும். தட்டுகிறவர் அந்தப் பாறைக்கு அடியிலேயே நிற்கப் போகிறவர். அதனால் ஏனோதானோ என்று தட்ட மாட்டார். வீட்டைத் தட்டிப் பார்க்கிறவர் அதில் குடியிருக்கப் போவதில்லை. அதனால்தான் அவரை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் வீட்டைச் சோதிப்பது தனித் தொழில். 1976-இல் அங்கே வீட்டு ஆய்வாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. தான் சோதித்த வீட்டில், சோதித்த பகுதிகளுக்கு, ஓர் ஆண்டு வரை கூலிக்கு ரிப்பேர் வேலை செய்யக் கூடாது. மாசசூசெட்ஸ் என்ற மாநிலத்தில், விற்பவர் பக்கத்துப் புரோக்கர் ஓர் ஆய்வாளரைக் குறிப்பிட்டு "இவரை வைத்துக்கொள்" என்று சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அவர் யார் பக்கம் என்ற கேள்வி அங்கும் எழுந்திருக்கிறது, பாருங்கள்.

நம் நாட்டில் இதற்கென்று தனி உரிமம் பெற்றவர்கள் இல்லை. பெங்களூர் போன்ற பெரிய நகரங்களில் இந்த வேலையைச் செய்யும் கம்பெனிகள் வந்துவிட்டன. நம் ஊரில் நமக்கு மேஸ்திரி இருக்கிறார், எஞ்சினியர் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவர்களை நாம்தான் சரியாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

யாரை எதற்கு அழைப்பது?

மேஸ்திரி: செங்கல், கல், பூச்சு, ஓடு, தளம் எல்லாம் கையால் தொட்டுத் தெரிந்தவர். ஒரே மாடி இல்லாத சின்ன வீட்டைப் பார்க்க நல்ல மேஸ்திரி போதும். இருபது ஆண்டாவது வேலை செய்தவராக இருந்தால் நல்லது.

சிவில் எஞ்சினியர்: மாடி வீடு, கான்கிரீட் தூண், பெரிய விரிசல், மேலே இன்னொரு மாடி கட்டும் எண்ணம், இவற்றுக்கு எஞ்சினியர் வேண்டும். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எலக்ட்ரீஷியன்: வயர், எர்த், மெயின் சுவிட்ச் பார்க்க. பழைய வயரால் தீப்பிடிக்கும். எர்த் இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

வக்கீல்: பத்திரம் பார்க்க. மேஸ்திரி சொல்லுவது வீட்டின் பலம். வக்கீல் சொல்லுவது வீட்டின் உரிமை. இரண்டும் வேறு வேறு.

கடன் வாங்கினால் பேங்கும் ஓர் ஆளை அனுப்பும். அவர் வீட்டுக்கு விலை மதிப்புப் போடுவார். "பேங்குக்காரரே பார்த்துவிட்டார், இனி என்ன பயம்?" என்று நினைக்கக் கூடாது. கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதுதான் பேங்கின் கவலை. மழைக்கு ஒழுகுமா என்பது நம் கவலை. அவர் பேங்குக்காகப் பார்க்கிறார். நமக்காக ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

வரச் சொல்லும் முன் இந்த ஏழு கேள்விகளையும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். நம் பணம், நம் கேள்வி.

1. விற்கிறவரோ புரோக்கரோ உங்களுக்குச் சொந்தமா, பழக்கமா?
2. இதற்கு முன் யாருக்கு வீடு பார்த்துக் கொடுத்தீர்கள்? அவர்களிடம் நாங்கள் கேட்கலாமா?
3. என்னென்ன பார்ப்பீர்கள்? கூரை மேல் ஏறிப் பார்ப்பீர்களா?
4. கூலி எவ்வளவு? வீடு வாங்காவிட்டாலும் அதே கூலிதானே?
5. நீங்கள் பார்க்கும்போது நாங்களும் கூட வரலாமா?
6. பார்த்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?
7. ரிப்பேர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தால் உங்களுக்குச் சம்மதமா?

ஏழாவது கேள்விக்கு முகம் சுளித்தால் யோசியுங்கள். ஆறாவது கேள்விக்கு "எழுத்தெல்லாம் எதுக்கு, என் வாய்ச்சொல் போதும்" என்றாலும் யோசியுங்கள்.

ஒரு பேச்சு

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு குடும்பம் வீடு பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அம்மா தைக்கிற வேலை செய்கிறார். புரோக்கர் கொண்டுவந்த ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெரிந்தவர்களிடம் விசாரித்து வேறொரு மேஸ்திரியை அழைத்தார். இருவரும் வீட்டுக்குள் போகிறார்கள்.

"மேஸ்திரி அண்ணா, வீடு பார்க்க நல்லா இருக்கு இல்ல?"

"பார்க்க நல்லா இருக்கும்மா. நாம இன்னும் பார்க்கல. அந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க."

"பீரோ எதுக்கு அண்ணா?"

"வீடு முழுக்க பழைய பெயிண்ட். இந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுசு. அதுக்கு முன்னாடி பீரோ. ஏன்னு பார்க்கணும்."

பீரோவை நகர்த்தினார்கள். ஜன்னல் மூலையிலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு. சிமெண்ட் வைத்து மூடியிருந்தது. மூடிய இடத்திலேயே மறுபடி விட்டிருந்தது.

"இது ஆபத்தா அண்ணா?"

"பூச்சு மட்டும் விட்டா முடி மாதிரி இருக்கும். அதுக்குப் பயமில்லை. இது சாய்வா வருது. வெளிப்பக்கமும் அதே இடத்துல இருக்கு. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். இப்பவும் இறங்குதா, முன்னாடியே இறங்கி நின்னுட்டுதா, அது எனக்குத் தெரியாதும்மா. எஞ்சினியரைக் கூப்பிடுங்க."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாததைத் தெரியும்னு சொன்னா, நாளைக்கு உங்க பிள்ளைங்க தலைமேலதானே விழும்?"

இந்த மேஸ்திரி நல்ல மேஸ்திரி. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். எல்லாம் தெரியும் என்கிறவரை விட இவரை நம்பலாம்.

என்னென்ன பார்க்க வேண்டும்?

ஆளை அழைத்துவிட்டு நாம் வாசலில் உட்கார்ந்துவிடக் கூடாது. கூடவே போக வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முடிந்தால் புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை பார்க்க வேண்டும். வெயிலில் மறைந்திருக்கும் ஒழுக்கு மழையில் தெரிந்துவிடும். அவர் கீழே சொல்லும் இடங்களைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

சுவர்: தூக்குக்குண்டு கட்டி நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசலில் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைந்தால் எஞ்சினியரைக் கேட்க வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைக்கலாம். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டால் வீடு இன்னும் அசைகிறது என்று பொருள். எஞ்சினியர்கள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். வீட்டுக்காரர் சம்மதித்தால் காத்திருப்பது நல்லது.

ஓதம்: சுவரின் அடிப்பாகம் ஈரமாக இருக்கிறதா? உப்புப் பூத்து வெள்ளையாக உதிர்கிறதா? அப்படியானால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. மேலே பெயிண்ட் அடித்தால் போகாது.

கூரை: கான்கிரீட் கூரையில் துருக்கறை தெரிகிறதா, கம்பி வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டினால் டொக் என்று கேட்கும் இடம் பெயர்ந்து விழும். மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் மரத்தூலம் சுவருக்குள் நுழையும் இடத்தைக் குத்திப் பார்க்க வேண்டும். அங்கேதான் மரம் முதலில் இற்றுப் போகும். ஓட்டு வீட்டில் சட்டங்கள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து பொடி உதிர்ந்தால் நுரையீரலுக்குக் கெடுதல்.

மரம்: நிலை, கதவு, ஜன்னல் சட்டங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். சுவரில் மண் கோடு போல் ஏறியிருந்தால் கரையான்.

தரை: ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தரை இறங்கியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

தண்ணீர்: குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர் தண்ணீர் என்றால் சோதித்துக் குடியுங்கள். கோலார் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

கழிவு நீர்: இரண்டு மூன்று வாளித் தண்ணீரை ஒன்றாக ஊற்றுங்கள். தேங்கினால் குழாய் அடைத்திருக்கிறது. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

சுற்றுப்புறம்: பக்கத்தில் பழைய ஷாஃப்ட் அல்லது மூடிய குழி இருக்கிறதா? இந்த இடத்துக்கு அடியில் தோண்டியிருக்கிறார்களா? இதை எந்த மேஸ்திரியை விடவும் அந்தத் தெருவில் இருக்கும் பழைய சுரங்கத் தொழிலாளி நன்றாகச் சொல்லுவார். அவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

தாளில் எழுதி வாங்குவோம்

வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். எழுத்து நிற்கும். நாம் எழுதப் படிக்கக் கற்றது இதற்குத்தான். மேஸ்திரிக்கு எழுத வராவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நாமே எழுதலாம். பிறகு படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம். ஒரு மாதிரித் தாள் இதோ. சத்தமாகப் படியுங்கள்.

வீடு பார்த்த தாள்

பார்த்த நாள்: …………
வீட்டு எண், தெரு: …………
பார்த்தவர் பெயர், தொழில்: …………

முன் அறை: சுவரில் முடி விரிசல். பூச்சு மட்டும். பயமில்லை.
படுக்கை அறை: ஜன்னல் மூலையில் சாய்ந்த விரிசல். எஞ்சினியர் பார்க்க வேண்டும்.
சமையல் அறை: கூரையில் கசிவு. மேலே தளம் போட வேண்டும்.
குளியல் அறை: கழிவுக் குழாய் அடைப்பு. மாற்ற வேண்டும்.
மின்சாரம்: எர்த் இல்லை. உடனே போட வேண்டும்.
பார்க்க முடியாத இடம்: பின்பக்க அறை பூட்டியிருந்தது.

பார்த்தவர் கையெழுத்து: …………

கடைசிக்கு முந்தின வரியைக் கவனியுங்கள். பார்க்க முடியாத இடத்தையும் எழுத வேண்டும். பூட்டிய அறையைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கணக்குப் போடுவோம்

குறை இல்லாத வீடு கிடையாது. குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை: பொறுத்துக்கொள்ளலாம். முடி விரிசல், பெயிண்ட், கதவு இறுக்கம்.
இரண்டாம் வகை: சரி செய்யலாம். செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். ஒழுக்கு, வயர், குழாய்.
மூன்றாம் வகை: வேண்டாம் என்று எழுந்துவிடலாம். அசைந்துகொண்டே இருக்கும் சுவர், இற்றுப்போன தூண், உரிமை இல்லாத நிலம்.

இரண்டாம் வகைக்கு ஒரு கணக்கு. எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

வீட்டுக்காரர் கேட்கும் விலை ரூ.12,00,000.
கூரைக்குத் தளம் போட ரூ.60,000.
வயர் மாற்ற ரூ.25,000.
குழாய் மாற்ற ரூ.15,000.
மொத்த ரிப்பேர் ரூ.1,00,000.
கழித்தால் மீதி ரூ.11,00,000.

"விலையைக் குறையுங்கள்" என்று சும்மா கேட்டால் யாரும் குறைக்க மாட்டார்கள். தாளைக் காட்டிக் கேட்டால் பேச்சுக்குப் பலம் வரும். பார்த்தவருக்குக் கொடுத்த கூலி வீண் போகவில்லை. வீட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் அந்தக் கூலி வீண் இல்லை. போயிருக்க வேண்டிய பெரும் பணத்தைக் காப்பாற்றியது அதுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 55-ஆம் பிரிவு விற்கிறவருக்கு ஒரு கடமையை வைக்கிறது. சொத்தில் பெரிய குறை இருந்து, அது விற்கிறவருக்குத் தெரிந்திருந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை அவர் சொல்லியே ஆக வேண்டும்.

இதை இன்னொரு தடவை படியுங்கள். கவனமாகப் பார்த்தால் தெரியும் குறையை அவர் சொல்லியாக வேண்டியதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும். பீரோவை நகர்த்திப் பார்ப்பதும், கூரை மேல் ஏறுவதும் நம் வேலை. "எனக்குச் சொல்லவில்லையே" என்று பிறகு அழுது பயனில்லை.

கம்பெனிகள் கட்டி விற்கும் புது அடுக்கு மாடி வீட்டுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் கட்டடத்தில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து நாம் சொன்னால், கட்டியவர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும். கைமாறி வரும் பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

பத்திரத்தையும் மறக்க வேண்டாம்

சுவர் கெட்டியாக இருந்து உரிமை இல்லாவிட்டால் என்ன பயன்? நம் ஊரில் லைன் வீடுகள் கம்பெனி கட்டியவை. அதில் பல தலைமுறை குடியிருந்தாலும், குடியிருப்பது வேறு, சொந்தம் வேறு. ஸ்டாம்பு பேப்பரில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கினால் மட்டும் வீடு நமக்குச் சொந்தமாகாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலத்தை விற்றால் பத்திரம் பதிவாக வேண்டும் என்பது சட்டம்.

அதனால் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, காத்தா, வரி ரசீது நான்கையும் வக்கீலிடம் காட்டுங்கள். கர்நாடகத்தில் வில்லங்கச் சான்றை சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸிலும், காவேரி என்ற அரசு இணையதளத்திலும் பெறலாம். வக்கீலையும் அதே கேள்வி கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விற்கிறவரின் வக்கீல் நமக்கு வக்கீல் ஆக மாட்டார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டையும் பத்திரத்தையும் காட்டிவிடுவது நல்லது. முன்பே கொடுக்க வேண்டி வந்தால், சிறு தொகை கொடுங்கள். "சோதனையில் பெரிய குறை தெரிந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

"இன்னைக்கே அட்வான்ஸ் கொடுக்காட்டி வேற ஆள் வாங்கிடுவாங்க" என்று அவசரப்படுத்துவார்கள். வாங்கட்டும். நாலு நாள் பொறுக்காத வீடு, நாற்பது வருஷம் நம்மைத் தாங்குமா என்று யோசியுங்கள்.

நினைவில் வைப்போம்

வீட்டை நமக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும்.
அவரை நாமே தேட வேண்டும். கூலியை நாமே கொடுக்க வேண்டும்.
வீடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரே கூலி.
கூடவே போக வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.
எழுதி வாங்க வேண்டும். படித்துப் பார்க்க வேண்டும்.

புதிய சொற்கள்

வில்லங்கம் – சொத்தின் மேல் உள்ள கடன், அடமானம் போன்ற சிக்கல்
ஓதம் – சுவரிலும் தரையிலும் ஏறும் ஈரம்
ரசமட்டம் – தளம் சமமாக இருக்கிறதா என்று காட்டும் கருவி
தூக்குக்குண்டு – சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் நூல் கட்டிய குண்டு
அஸ்திவாரம் – வீட்டைத் தாங்கும் அடிக்கட்டு

பேசுவோம், எழுதுவோம்

1. புரோக்கர் அழைத்து வரும் மேஸ்திரியை ஏன் யோசித்து ஏற்க வேண்டும்?
2. பேங்கு அனுப்பும் ஆள் யாருக்காக வீட்டைப் பார்க்கிறார்?
3. விரிசல் இன்னும் நீளுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
4. பீரோவுக்குப் பின்னால் இருந்தது என்ன? மேஸ்திரிக்கு எப்படிச் சந்தேகம் வந்தது?
5. ஒரு வீட்டின் விலை ரூ.9,50,000. ரிப்பேர் செலவு கூரைக்கு ரூ.40,000, வயருக்கு ரூ.20,000. கழித்தால் எவ்வளவு?
6. நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டையே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். மேலே உள்ள மாதிரித் தாளைப் போல ஒரு தாள் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள்.